பாதியில் நின்ற உலகங்கள்: ஆசிரியர் போன பிறகு வாசகர் தேடுவது எதை?

தொடர் எழுதிக்கொண்டிருந்த ஆசிரியர் இறந்துவிட்டார் என்று தெரியவரும்போது வாசகருக்கு அடுத்தடுத்து இரண்டு நினைப்பு வரும். முதலில், ஐயோ, போய்விட்டாரா. அப்புறம், கதை என்ன ஆவது? இரண்டாவதை வாய்விட்டுச் சொல்லப் பலருக்குக் கூச்சம். ஒரு குடும்பம் ஆளை இழந்து உட்கார்ந்திருக்கிறது, நமக்குக் கடைசிப் பாகம் கேட்கிறதா என்று தங்களையே திட்டிக்கொள்வார்கள். கூச்சமில்லாமல் கேட்டுவிடுகிறவர்கள் மற்றவர்களிடம் நன்றாக வாங்கிக்கட்டிக்கொள்வார்கள்.

இந்த இரண்டாவது கேள்வியைச் சுயநலம் என்று ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் ஒரு துப்பறியும் நாவல் வரிசையின் ஆசிரியர் மறைந்தால் இதே வாசகர்கள் இந்த அளவுக்குத் தவிப்பதில்லை. அங்கே ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு வழக்கு முடிந்துவிடுகிறது. வரலாற்று நூல் எழுதியவர் பாதியில் போனால்கூட, மிச்சத்தை வேறொருவர் ஆவணங்களைப் பார்த்து எழுதலாம். நடந்தது நடந்ததுதான், அது எங்கேயோ பதிவாகிக் கிடக்கிறது. முழுக்கக் கற்பனையான ஓர் உலகத்துக்கு அப்படி வெளிச்சாட்சி எதுவும் கிடையாது. அங்கே அடுத்து என்ன நடந்தது என்று தீர்த்துச் சொல்லும் அதிகாரம் ஒரே ஒரு மண்டைக்குள்தான் இருந்தது. முடிவை யார் வேண்டுமானாலும் எழுதலாம், ரசிகர்களே நூறு முடிவு எழுதிவிடுவார்கள். வாசகருக்கு வேண்டியது 'நிஜமாகவே' என்ன நடந்தது என்பது. ஆசிரியர் மறைவுக்குப் பிறகு வாசகர்கள் எதை ஏற்றார்கள், எதைத் தள்ளினார்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனால், பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறோம்.

இதில் மிகத் தெளிவான உதாரணம் ராபர்ட் ஜோர்டன். இயற்பெயர் ஜேம்ஸ் ஆலிவர் ரிக்னி. அமெரிக்காவின் தென் கரோலினாவில், சார்லஸ்டன்காரர். வியட்நாம் போரில் ஹெலிகாப்டரில் துப்பாக்கி பிடித்தவர், இயற்பியல் படித்தவர், கடற்படைக்காக அணுசக்திப் பொறியாளராக வேலை பார்த்தவர். 'தி வீல் ஆஃப் டைம்' என்ற ஃபேன்டஸி (மாயக் கற்பனை) தொடரின் முதல் நாவல் 1990 ஜனவரியில் வந்தது. ஆரம்பத்தில் அவர் மனதில் இருந்தது மிகச் சின்னத் திட்டம். டோர் பதிப்பகத்தின் டாம் டோஹர்ட்டிதான், இந்த ஆள் நிறுத்தமாட்டார் என்று ஊகித்து ஆறு புத்தகத்துக்கு ஒப்பந்தம் போட்டார். அதுவும் போதவில்லை.

வந்த ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தாலே ஒரு விஷயம் புரியும். முதல் இரண்டும் 1990இலேயே வந்தன. பிறகு 1991, 1992, 1993, 1994 என ஆண்டுக்கு ஒன்று. ஏழாவது 1996, எட்டாவது 1998, ஒன்பதாவது 2000, பத்தாவது 2003, பதினொன்றாவது 2005. இந்த வேகக்குறைவைச் சோம்பல் என்று சொல்வது நியாயமில்லை. கதை ஒரு கிராமத்தில், ஒரு சிறு கூட்டத்தோடு கிளம்புகிறது. மூன்றாவது புத்தகத்தில் கூட்டம் பிரிகிறது. பிரிந்த ஒவ்வொருவரும் புதிய நாட்டுக்குப் போகிறார், அங்கே புதிய ஆட்கள், புதிய சதி. பத்தாவது புத்தகம் வரும்போது பெயருள்ள பாத்திரங்களின் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் போய்விட்டது. இவர்களில் ஒருவரை ஓர் அடி நகர்த்தினால் மற்றவர்கள் அந்த நேரத்தில் எங்கே இருந்தார்கள் என்று காட்டியாக வேண்டும். அப்படித்தான் பத்தாவது புத்தகத்தில் பெரும்பகுதி, முந்தைய புத்தகத்தின் முடிவில் நடந்த ஒரு பெரிய சம்பவத்தின்போது மற்றவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று சொல்லியே தீர்ந்துபோனது. வாசகர்கள் கொதித்தார்கள். எழுநூறு பக்கம் படித்தும் கதை நகரவில்லையே என்றார்கள். அடுத்து 2004இல் அவர் முன்கதை ஒன்றை வெளியிட்டபோது, முதலில் இதை முடிக்கட்டுமே என்ற முணுமுணுப்பு கூடியது.

பெரிய ஃபேன்டஸித் தொடர்கள் ஆசிரியரின் ஆயுளோடு போட்டி போடுவது இப்படித்தான். முதல் பாதியில் முடிச்சுப் போட ஒரு பக்கம் போதும். அவிழ்க்க ஓர் அத்தியாயம் வேண்டும். முப்பது நாற்பது வயதில் போட்ட முடிச்சுகளை அறுபதை நெருங்கும்போது அவிழ்க்க உட்காருகிறார்கள்.

2006 மார்ச்சில் ஜோர்டன் தன் நோயைப் பற்றி வாசகர்களுக்குத் தானே எழுதினார். இதய அமிலாய்டோசிஸ். ஒருவகைப் புரதம் இதயத்தில் படிந்து அதன் சுவரைத் தடித்துப்போகச் செய்யும் அரிய நோய். சிகிச்சை எடுத்தால் சராசரியாக நாலு வருடம், இல்லாவிட்டால் ஒரு வருடம் என்று மருத்துவர்கள் சொன்னதை மறைக்காமல் எழுதினார். கூடவே இன்னொரு கணக்கையும் சொன்னார்: மனதில் இருக்கிற எல்லாப் புத்தகத்தையும் அவசரப்படாமல் எழுத முப்பது வருடம் ஆகும், அதுதான் தன்னுடைய குறைந்தபட்ச இலக்கு. அப்போது அவருக்கு வயது 57. மேயோ கிளினிக்கில் சிகிச்சை நடந்தது. அடுத்த ஆண்டு, 2007 செப்டம்பர் 16 அன்று இறந்தார். பன்னிரண்டாவது புத்தகத்தோடு தொடர் முடியும் என்று சொல்லியிருந்தார். அது முடியவில்லை.

அப்போது வாசகர்களிடம் எழுந்த உணர்ச்சி பலவகைப்பட்டது. பதினேழு ஆண்டுகள் கூடவே வந்த ஒருவரை இழந்த துக்கம் பெரும்பாலோரிடம் இருந்தது. பள்ளியில் முதல் புத்தகத்தை எடுத்தவர்கள் அதற்குள் குழந்தை பெற்றிருந்தார்கள். பத்தாவது புத்தகத்தைத் திட்டியவர்களுக்குக் குற்ற உணர்ச்சி வேறு. கோபமும் இருந்தது, அதை மறைப்பதில் பயனில்லை: முன்கதைக்குச் செலவழித்த நேரத்தில் இதை முடித்திருக்கலாமே. எனக்கு இந்தக் கோபம் அவ்வளவு கீழ்த்தரமாகத் தெரியவில்லை. நெருங்கிய உறவுக்காரர் போனாலும் துக்கத்தோடு கோபமும் சேர்ந்தேதான் வரும். ஆனால் அதை இறந்தவரின் குடும்பத்தார் காதில் விழும்படி சொல்வது வேறு விஷயம்.

இதெல்லாவற்றுக்கும் கீழே இன்னொன்று ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க ஒரு சின்னக் கொலையை எடுத்துக்கொள்ளலாம்.

1993இல் வந்த ஐந்தாவது புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் ஆஸ்மோடியன் என்ற பாத்திரம் ஒரு கதவைத் திறக்கிறான். உள்ளே இருப்பவரைப் பார்த்து அதிர்கிறான், செத்துப்போகிறான். கொன்றது யார் என்று ஆசிரியர் சொல்லவில்லை. வாசகர்கள் பாய்ந்து விழுந்தார்கள். அந்த நேரத்தில் யார் எந்த ஊரில் இருந்தார்கள், யாருக்கு அந்த அறைக்குள் வர வழி இருந்தது, அவன் அதிர்ந்த விதத்தைப் பார்த்தால் அது அறிமுகமான முகமா என்று பக்கம் பக்கமாக அலசினார்கள். ஜோர்டனோ, விடை வெளிப்படையாகத்தானே இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். புத்தகத்தில் கையெழுத்து வாங்கும் வரிசையில் நின்று யாராவது இதைக் கேட்டால், 'படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்' என்பதுதான் பதில். இந்தக் கேள்விக்கு மட்டுமில்லை, முக்கால்வாசிக் கேள்விகளுக்கு அவர் சொன்ன பதில் அதுதான். அந்தப் பதிலைக் கேட்பதற்காகவே கேள்வி கேட்டவர்களும் இருந்தார்கள்.

இந்த விளையாட்டு நடக்க ஒரு நிபந்தனை இருக்கிறது. விடை தெரிந்த ஒருவர் உயிரோடு இருக்க வேண்டும். அவர் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, அவருக்குத் தெரியும் என்பது போதும். அதனால்தான் தவறான ஊகத்துக்கும் ஒரு சுவை இருந்தது, ஒருநாள் அது தவறென்று நிரூபணமாகும். 2007 செப்டம்பரில் அந்த நடுவர் இல்லாமல் போனார். ஊகங்கள் எல்லாம் ஒரே நாளில் சரியும் இல்லை, தப்பும் இல்லை என்ற நிலைக்கு வந்துவிட்டன. வாசகர்கள் இழந்ததாகச் சொன்னது ஒரு முடிவை. உண்மையில் கையைவிட்டுப் போனது இந்த நிச்சயம் என்றுதான் நினைக்கிறேன்.

ஆஸ்மோடியனைக் கொன்றவர் பெயர் கடைசியில் 2010இல், பதின்மூன்றாவது புத்தகத்தின் பின்னால் இருக்கும் சொற்குறிப்புப் பகுதியில், வெளிப்படையாக வந்தது. இன்னும் படிக்காதவர்களுக்காக அதை இங்கே சொல்லாமல் விடுகிறேன். பதினேழு ஆண்டுச் சண்டைக்கு அப்படி ஓரமாக ஒரு வரியில் தீர்ப்பு வந்ததில் சிலருக்கு ஏமாற்றம்தான். ஆனால் அந்தத் தீர்ப்பு செல்லாது என்று சொன்னவர்கள் அதிகம் இல்லை. ஏன் செல்லும் என்று ஏற்றுக்கொண்டார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

ஜோர்டனின் மனைவி ஹாரியட் மெக்டூகல். அவர்தான் அவருடைய எடிட்டரும். ஒவ்வொரு புத்தகமும் அவர் கையால் திருத்தப்பட்டு வெளியே போனது. கடைசி மாதங்களில் ஜோர்டன் தொடரின் முடிவைக் குடும்பத்தாரிடம் வாய்மொழியாகச் சொன்னார், அது ஒலிப்பதிவானது. கடைசிக் காட்சியைத் தானே எழுதிவைத்திருந்தார். இறுதிப் புத்தகத்துக்கென்று இருந்த பொருள், எழுதிய காட்சிகளும் துண்டுக் குறிப்புகளும் சேர்ந்து, சுமார் 200 பக்கம். அது போக, இத்தனை ஆண்டுகளில் உலகத்தைப் பற்றிச் சேர்த்துவைத்த குறிப்புகள் தனி. அவற்றை விரல்நுனியில் வைத்திருந்த இரண்டு உதவியாளர்கள், மரியா சைமன்ஸும் ஆலன் ரோமன்சுக்கும், வேலையில் தொடர்ந்தார்கள்.

ஜோர்டன் மறைந்தபோது பிராண்டன் சாண்டர்சன் என்ற இளம் எழுத்தாளர் ஓர் அஞ்சலி எழுதியிருந்தார். பதின்வயதிலிருந்து இந்தத் தொடரைப் படித்து வளர்ந்தவர், இரண்டு மூன்று நாவல் எழுதியிருந்தவர், அவ்வளவுதான். அந்த அஞ்சலி ஹாரியட்டின் கண்ணில் பட்டது. அவருடைய நாவல் ஒன்றை வாங்கிப் படித்துப் பார்த்தார். 2007 டிசம்பரில் இவர்தான் முடிக்கப்போகிறார் என்று அறிவிப்பு வந்தது. ஒரே புத்தகமாக இருக்க வேண்டியது மூன்றாகப் பிரிந்தது: 2009, 2010, 2013. தொடர் பதினாலு நாவலோடு முடிந்தது.

சாண்டர்சனின் எழுத்து ஜோர்டனின் எழுத்து இல்லை. வாக்கியம் குட்டை, வேகம் கூடுதல். மேட் என்ற குறும்புக்காரப் பாத்திரம் சாண்டர்சனின் முதல் புத்தகத்தில் சரியாக வரவில்லை, நகைச்சுவை வேறு மாதிரி இருக்கிறது என்று வாசகர்கள் சொன்னார்கள். சாண்டர்சனும் ஒப்புக்கொண்டு அடுத்ததில் திருத்தப் பார்த்தார். நடை மாறியதை வாசகர்கள் இவ்வளவு கூர்மையாகக் கவனித்தார்கள், ஆனால் அதற்காகத் தொடரைத் தள்ளவில்லை. நடையை விட்டுக்கொடுக்க அவர்கள் தயார். 'இது அவர் சொன்ன முடிவுதானா' என்பதை மட்டும் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை. அந்தக் கேள்விக்கு ஒலிப்பதிவு இருந்தது, எழுதிய கடைசிக் காட்சி இருந்தது, முதல் புத்தகத்திலிருந்து கூடவே இருந்த எடிட்டர் இருந்தார்.

இன்னொரு சம்பவம் இதை இன்னும் நன்றாகக் காட்டுகிறது. முக்கியத் தொடர் முடிந்தபின் மேட்டை வைத்து இன்னொரு சிறு வரிசை எழுத ஜோர்டன் நினைத்திருந்தார். அதற்கு அவர் விட்டுப்போனது இரண்டே வாக்கியக் குறிப்பு. எழுதியிருந்தால் நிச்சயம் விற்றிருக்கும். சாண்டர்சனும் ஹாரியட்டும் வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். இரண்டு வாக்கியத்தை மூன்று நாவலாக்கினால் அது அவருடைய கதையாக இருக்காது. வாசகர்கள் வருத்தப்பட்டார்கள், ஆனால் மறுத்ததால்தான் கையில் இருக்கும் மூன்று புத்தகத்தின்மீதும் நம்பிக்கை கூடியது.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் 'டியூன்'. அது ஃபேன்டஸி இல்லை, அறிவியல் புனைவு. ஆனாலும் கற்பனை உலகத்தின் அதிகாரம் என்ற விஷயத்தில் பக்கத்து வீடு. ஃபிராங்க் ஹெர்பர்ட் 1986 பிப்ரவரியில் இறந்தார். முந்தைய ஆண்டு வந்த ஆறாவது புத்தகம் ஒரு பெரிய புதிரோடு முடிந்திருந்தது. பல ஆண்டுகள் கழித்து அவருடைய மகன் பிரையன் ஹெர்பர்ட், வங்கிப் பெட்டகத்தில் இருந்த கணினி வட்டுகளில் ஏழாவது புத்தகத்துக்கான அப்பாவின் குறிப்பு கிடைத்தது என்றார். கெவின் ஆண்டர்சனோடு சேர்ந்து முதலில் முன்கதைகளை எழுதினார். பிறகு 2006இலும் 2007இலும் முடிவை இரண்டு நாவலாகக் கொண்டுவந்தார். அந்த முடிவில், இவர்களே முன்கதைகளில் வளர்த்தெடுத்த எதிரிகள் வந்து நின்றார்கள். அங்கேதான் பல வாசகர்கள் பின்வாங்கினார்கள். குறிப்பு இருந்திருக்கலாம், நான் அதைச் சந்தேகிக்கவில்லை. ஆனால் அதில் எவ்வளவு அப்பாவுடையது, எவ்வளவு பிள்ளையுடையது என்று வாசகர் பிரித்துப் பார்க்க வழி இல்லை. புத்தகங்கள் நன்றாகவே விற்றன. இருந்தும், 'ஆறோடு நிறுத்திக்கொள்' என்று புதிய வாசகருக்குச் சொல்லும் பழைய வாசகர்கள் இன்றும் நிறைய.

அப்பாவும் பிள்ளையும் என்றால் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீன் ஞாபகம் வராமல் இருக்காது. ஜே. ஆர். ஆர். டோல்கீன் 1973 செப்டம்பரில் இறந்தபோது 'தி சில்மரில்லியன்' பல பத்தாண்டுக் கையெழுத்துப் பிரதிகளாகக் குவிந்துகிடந்தது. ஒரே சம்பவத்துக்கு நாலைந்து வடிவம். மகன் கிறிஸ்டோபர் அவற்றைக் கோத்து 1977இல் ஒரே நூலாக்கினார். அதோடு விட்டிருந்தால் அவரும் இதே சந்தேகத்தில் மாட்டியிருப்பார். அவர் செய்தது வேறு. 1983 முதல் 1996 வரை பன்னிரண்டு தொகுதிகளில் அப்பாவின் வரைவுகளையே அச்சிட்டுக் காட்டினார். இந்த வரி அவருடையது, இந்த இணைப்பு என்னுடையது, இந்த இடத்தில் நான் எடுத்த முடிவு சரியில்லை என்று தன் வேலையைத் தானே பிரித்துப்போட்டார். இவ்வளவு வெளிப்படையாக வேறு யாரும் செய்ததாக எனக்குத் தெரியவில்லை. சாண்டர்சன்கூட, எந்தக் காட்சி யாருடையது என்று புத்தகங்கள் வந்துகொண்டிருந்தபோது சொல்லவில்லை. சொன்னால் வாசகர் கதையை விட்டுவிட்டு எது யார் கை என்று தேடிக்கொண்டிருப்பார் என்ற பயம். இரண்டும் நியாயமான வழிதான். கிறிஸ்டோபரிடம் அவசரம் இல்லை, கதை கேட்டு வாசலில் நிற்கும் கூட்டமும் இல்லை.

குடும்பத்தார் முடித்துக்கொடுப்பது புதிதில்லை. டேவிட் ஜெம்மெல் 2006இல் இறந்தபோது அவருடைய டிராய் வரிசையின் மூன்றாம் பாகத்தை மனைவி ஸ்டெல்லா முடித்தார், அடுத்த ஆண்டே வந்துவிட்டது. தமிழிலும் கல்கி 1954இல் மறைந்தபோது பாதியில் நின்ற 'அமரதாரா'வை மகள் ஆனந்தி முடித்தார். மெர்வின் பீக்கின் விஷயம் கொஞ்சம் வலிக்கும். கார்மென்காஸ்ட் வரிசையின் மூன்றாவது நாவலை எழுதும்போதே அவர் மூளையை நோய் அரிக்க ஆரம்பித்திருந்தது. 1968இல் இறந்தார். மனைவி மேவ் கில்மோர் தொடர்ச்சி ஒன்றை எழுதிவைத்தார். அது அச்சானது 2011இல், பீக்கின் நூற்றாண்டில், கில்மோரும் மறைந்து வெகுகாலத்துக்குப் பிறகு. அதைப் படிப்பவர்கள் பீக்கின் முடிவைத் தேடிப் படிப்பதில்லை. ஒரு மனைவி தன் கணவரின் உலகத்துக்குள் போய்வந்த பதிவாகப் படிக்கிறார்கள்.

ஜப்பானில் கவோரு குரிமோட்டோவின் 'குயின் சாகா' என்ற ஃபேன்டஸி நாவல் வரிசை இன்னொரு மாதிரி. 1979இல் தொடங்கியபோதே நூறு பாகம் எழுதப்போவதாக அறிவித்தார். நூறையும் எழுதினார், கதை முடியவில்லை! 2009இல் அவர் இறந்தபோது 130ஆவது பாகம் பாதியில் இருந்தது. வேறு எழுத்தாளர்கள் இப்போதும் அதைத் தொடர்கிறார்கள்.

ஆனால் அண்மைக்காலத்தில் வாசகர்களை உலுக்கியது கென்டாரோ மியூராவின் மறைவுதான். 'பெர்செர்க்' என்ற அவருடைய மாங்கா (ஜப்பானியப் படக்கதை) 1989இல் தொடங்கியது. மியூரா 2021 மே 6 அன்று, இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி கிழிந்து இறந்தார். வயது 54. இரண்டு வாரம் கழித்தே செய்தி வெளியானது. ஜோர்டனின் வாசகர்களுக்கு ஒன்றரை வருடம் முன்கூட்டித் தெரிந்திருந்தது, இங்கே ஒரு முன்னறிவிப்பும் இல்லை. உலகம் முழுக்க இணைய விளையாட்டுகளுக்குள்ளேயே அஞ்சலி நடந்தது. 'ஃபைனல் ஃபேன்டஸி 14' விளையாடுபவர்கள், அவருடைய நாயகனை நினைவூட்டும் பெரிய வாள் ஏந்திய வீரர்களாக வந்து தெருவோரம் வரிசையாக நின்றார்கள்.

மியூராவிடம் 200 பக்கக் குறிப்பு எதுவும் இல்லை. இருந்தது ஒரு நண்பர். பள்ளிக்காலத் தோழரும் மாங்கா ஓவியருமான கோஜி மோரியிடம் முப்பது ஆண்டுக்கு முன்னால் ஒருநாள் மியூரா முழுக்கதையையும் முடிவுவரை சொல்லியிருந்தார். மியூராவிடம் வேலை பார்த்த ஸ்டுடியோ காகா ஓவியர்கள் வரைய, மோரி மேற்பார்வையிட, 2022 ஜூனில் தொடர் மீண்டும் வந்தது. தொடங்குமுன் மோரி வாசகர்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்தார். மியூரா தன்னிடம் சொன்ன சம்பவங்களை மட்டும்தான் எழுதுவேன், சரியாக ஞாபகம் இல்லாததை எழுதமாட்டேன், சொந்தமாகச் சதை சேர்க்கமாட்டேன் என்பதே அது.

யோசித்தால் விசித்திரமான வாக்கு. ஒரு கதாசிரியர், நான் கதை கட்டமாட்டேன் என்று சொல்லி வாசகர் நம்பிக்கையைக் கேட்கிறார். வேறு எந்தச் சூழலிலும் இது பலவீனம். இங்கே பெரும்பாலான வாசகர்கள் நெகிழ்ந்துபோனார்கள். தாங்கள் கேட்காமல் இருந்த கேள்விக்கு அந்த மனிதர் பதில் சொல்லிவிட்டார்: என் கையில் இருப்பது இவ்வளவுதான், ஆனால் இவ்வளவும் அவருடையது. சாட்சி சொல்ல வந்தவர் பேச வேண்டிய விதம் இதுதான். முப்பது வருட ஞாபகத்தில் எவ்வளவு தேய்ந்திருக்கும் என்ற கேள்வி இருக்கத்தான் செய்கிறது. எழுத்தை விட ஓவியத்தில் வேறு கை சட்டென்று தெரிந்துவிடும், அந்தக் குறையும் சேர்ந்துகொள்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் முடிக்க அனுமதி கிடைத்த கதைகள். வேண்டாம் என்று சொல்லிப்போனவர்களும் உண்டு. 'டிஸ்க்வேர்ல்ட்' என்ற நகைச்சுவை ஃபேன்டஸி வரிசையை எழுதிய டெர்ரி பிராட்செட்டுக்கு அல்சைமர் வகை நோய் இருப்பது 2007இல் தெரியவந்தது, 2015 மார்ச்சில் இறந்தார். முடிக்காத நாவல்கள் இருந்த ஹார்ட் டிரைவை, அவர் விருப்பப்படியே, 2017 ஆகஸ்டில் இங்கிலாந்தில் ஒரு நீராவி எந்திரக் கண்காட்சியில் ஸ்டீம் ரோலர் ஏற்றி நொறுக்கினார்கள். டிஸ்க்வேர்ல்ட் வாசகர்கள் இதற்குக் கிளர்ந்தெழவில்லை, சிரித்தார்கள். அந்த வரிசையின் நாற்பத்தொரு நாவல்களும் பெரும்பாலும் தனித்தனியாக முடிபவை. யாரும் கதவைத் திறந்து அதிர்ந்த நிலையில் விடப்படவில்லை. அதே ஸ்டீம் ரோலர் ஜோர்டனின் ஹார்ட் டிரைவ்மீது ஏறியிருந்தால்? வேடிக்கை என்னவென்றால், ஆரோக்கியமாக இருந்த காலத்தில் ஜோர்டனும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். நான் திடீரென்று போனால் குறிப்பெல்லாம் அழிக்கப்படும், வேறு யாரும் தொடமுடியாது என்று. நோய் வந்தபிறகு மனதை மாற்றிக்கொண்டார்.

சட்டம் இதில் பெரிதாகக் கைகொடுக்காது. அமெரிக்காவில் காப்புரிமை ஆசிரியர் இறந்து 70 ஆண்டுவரை தொடர்கிறது, அதுவரை முடிவெடுப்பது வாரிசுகள். எழுத்தாளரின் ஆசையை அவர்கள் மதிக்கலாம், மதிக்காமலும் போகலாம். ரோமானியக் கவி வெர்ஜில் தன் முடியாத காவியத்தை எரிக்கச் சொன்னதாகச் சொல்வார்கள். சக்கரவர்த்தி அகஸ்டஸ் விடவில்லை, நண்பர்கள் இருவர் அதைச் சரிபார்த்து வெளியிட்டார்கள். அவர்கள் எதையும் சேர்க்காததால் சில வரிகள் பாதியாகவே இன்றும் நிற்கின்றன. மோரி அன்று இருந்திருந்தால் பாராட்டியிருப்பார்.

இப்போதைய வாசகர் ஆசிரியர் இறக்கும்வரைகூடக் காத்திருப்பதில்லை, முன்கூட்டியே பயப்படுகிறார். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் ஜோர்டனை விட ஒரு மாதம்கூட மூத்தவர் இல்லை. இருவரும் 1948இல், ஒருவர் செப்டம்பரிலும் மற்றவர் அக்டோபரிலும் பிறந்தவர்கள். மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' தொடர் 1996இல் தொடங்கியது, ஐந்தாவது புத்தகம் 2011இல் வந்தது, ஆறாவதுக்காகக் காத்திருப்பு நீண்டுகொண்டே போனது. 'நீங்கள் இறந்துவிட்டால்?' என்று 2014இல் ஒரு பேட்டியில் கேட்டதற்கு, அச்சிடத் தயங்கும் வார்த்தையில் பதில் சொன்னார். நியாயம்தான், தன் சாவை யாராவது கணக்குப் போட்டால் யாருக்குத்தான் கோபம் வராது?

அவருடைய வாசகர்களிடம் ஒரு வினோதமான சோதனை நடந்திருக்கிறது. அவருடைய கதையை வைத்து எடுத்த 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொலைக்காட்சித் தொடர் புத்தகத்தை முந்திக்கொண்டு 2019இல் முடிவைக் காட்டிவிட்டது. வெறும் ஆர்வம் மட்டும்தான் விஷயம் என்றால் அதோடு தவிப்பு தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. பார்த்தவர்களே, 'இது அவர் எழுதியதில்லையே' என்று காத்திருக்கிறார்கள்.

முன்பயத்துக்கு ஒரு விலையும் இருக்கிறது. 'முழுத் தொடரும் வந்தபிறகு வாங்குகிறேன்' என்று ஒதுங்குகிற வாசகர்கள் பெருகிவிட்டார்கள். சூடுபட்டவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் முதல் பாகம் விற்காவிட்டால் புதிய எழுத்தாளருக்கு மூன்றாம் பாகத்துக்கு ஒப்பந்தம் கிடைப்பதே சந்தேகம். ஜோர்டனுக்கு முதலிலேயே ஆறு புத்தகம் எழுதித்தந்த துணிச்சல் எல்லாப் பதிப்பாளரிடமும் இருக்காது. ஆக, மறைவால் பாதியில் நின்ற சில தொடர்களுக்குப் பயந்து, உயிரோடு இருப்பவர்களின் தொடர்கள் பாதியில் நிற்கின்றன.

புதிதாக ஒருவர் 'தி வீல் ஆஃப் டைம்' படிக்க ஆரம்பித்தால், பதினொன்றோடு நிறுத்திக்கொள் என்று சொல்பவர்களைப் பார்ப்பது அபூர்வம். பதினாலையும் படி, மேட் மட்டும் கொஞ்சம் முன்னேபின்னே இருப்பான், சகித்துக்கொள் என்பார்கள். 'டியூன்' என்றால் ஆறா எட்டா என்று அங்கேயே வாக்குவாதம் வரும். 'பெர்செர்க்'கில் இன்னும் தீர்ப்பு வரவில்லை. மியூரா கடைசியாகக் கைவைத்த, அவருடைய ஓவியர்கள் சரிசெய்து முடித்த 364ஆம் அத்தியாயத்தோடு மூடிவைத்தவர்கள் இருக்கிறார்கள். மோரி ஞாபகத்தில் வைத்திருப்பது எதுவோ அதுவும் வேண்டும் என்று ஒவ்வொரு புது அத்தியாயத்துக்கும் காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள்.